எட்டுப் புளியங்கொட்டை

வில்லியனூரில் சொந்தமாக ஜெட் விமானம் வைத்திருந்தவர் ஒருவர்தான். பழுப்புக் காகிதத்தில் வெட்டிய விமானம். நாலு முழ நீளம். சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். தையல்காரர்கள் அளவுக் காகிதம் வெட்டி வைத்திருப்பார்களே, அதுமாதிரிதான் அவரும் வெட்டி வைத்திருந்தார். ஆனால் பேச ஆரம்பித்தால் கொல்லையில் கட்டியிருக்கும் உழவு மாட்டைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி இருக்கும். “சும்மா நின்னுகினு கீது தங்கச்சி. இன்னும் நாலு வேல குடுக்கலாம் அதுக்கு” என்பார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பினவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். இவர் சுல்தான்பேட்டை முஸ்லிம், அதனால் சொல்தா பாய். பெயர் என்று ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மற்ற சொல்தாக்கள் சாயங்காலமானால் மீசையைத் தடவிக்கொண்டு சண்டைக் கதை சொல்வார்கள். இவரிடம் சண்டைக் கதை கிடையாது. பட்டாளத்தில் அவர் பிடித்த ஆயுதம் வளைந்த ஊசி ஒன்றுதான். அங்கே ஒரு விமானத் தளத்தில் சீட் தைக்கிற வேலை. இங்கே வந்தும் அதையே செய்தார். பஸ் சீட், லாரி சீட், டிராக்டர் சீட், டாக்டர் வீட்டு சோபா, எது வந்தாலும் தைப்பார். புதுச்சேரி ரோட்டில் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு நேர் எதிரே கடை. கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதுதான் வீடு. கல்யாணம் கட்டவில்லை. காரைக்காலில் ஓர் அக்கா இருந்து, அவரும் போய்விட்டார்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. எனக்கு இருபத்தாறு வயது. ஆங்கில டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு ஏழு மெஷினோடு இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். ஏழில் ஐந்து ஓடும். ஒரு நாள் பாய் ரோட்டைத் தாண்டி வந்து, பெண் பிள்ளைகள் இருக்கிற இடம் என்று வாசலிலேயே நின்றுகொண்டு, வெளிநாட்டுக்கு ஒரு லெட்டர் அடிக்கவேண்டும் என்றார். பென்ஷன் விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன். பென்ஷன் இல்லை, ஏரோப்ளேன் விஷயம் என்றார்.

கதை இதுதான். அவர் வேலையை விட்டு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்தத் தளத்துக்கு ஒரு சின்ன ஜெட் விமானத்தைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வாலுக்குப் பக்கத்தில் இரண்டு எஞ்சின், உள்ளே பத்துப் பேர் உட்கார இடம். அதில் ஒரு சீட் கிழிந்துபோக, பாய் போய்த் தைத்துக் கொடுத்திருக்கிறார். கம்பெனிக்காரன் சந்தோஷப்பட்டு ஒரு விளம்பரப் புத்தகத்தைக் கையில் கொடுத்திருக்கிறான். அதன் கடைசிப் பக்கத்தில் விமானத்தின் உடம்பு மட்டும் கோட்டுப் படமாக இருந்தது, மேலிருந்து பார்க்கிற மாதிரி. உள்ளே சீட் எதுவும் இல்லாமல் வெறுமனே இருந்தது. கீழே ஒரே ஒரு வரி: உங்கள் தேவை எதுவோ அதை எங்களுக்குச் சொல்லுங்கள்.

அந்த வரியைப் பெரிய பெரிய தளபதிகளுக்கும் விமான சர்வீஸ் நடத்துகிற முதலாளிகளுக்கும் எழுதியிருப்பார்கள். பாய் அதைத் தனக்கு எழுதினதாக எடுத்துக்கொண்டார். “நம்மளக் கேட்டுகினு கீறான். பதில் போடலன்னா மரியாதையா இருக்காது” என்றார். அவ்வளவு பணிவாக ஒருவர் சொல்லும்போது நான் எப்படி மாட்டேன் என்பது? மெஷினில் தாளை ஏற்றினேன்.

எந்தப் பொருளைப் பார்த்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுண்டு: “இத்தக் கழட்டினா இன்னா ஆவும்?” பிரித்தால் வேறு என்னவாக ஆகும் என்று அர்த்தம். ஒரே ஒரு வேலைக்கென்று ஒரு சாமானைப் படைக்க அல்லாவுக்குக்கூட மனசு வராது என்பது அவர் கட்சி. நெருங்கின சொந்தக்காரப் பையன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்து நிற்கிறார், உட்காரவேண்டிய சோபா தலைகீழாகக் கிடக்கிறது. பாய் பக்கத்தில் குந்தி அதன் கால் திருகாணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதையே நீட்டினால் நாலு பேர் படுக்கலாமே என்று மாப்பிள்ளையிடமே யோசனை சொன்னாராம். அந்த வீட்டில் அதற்கப்புறம் பிரியாணி அண்டாவை அவர் கண்ணில் காட்டாமல் வைத்திருந்ததாகக் கேள்வி.

விமானத்தின் வேலைகளை அவர் யோசிப்பது தரையில்தான். பழுப்புக் காகிதத்தை விரித்து நாலு மூலையிலும் ஆணிப் பெட்டி, கத்திரி என்று பாரம் வைப்பார். புளியங்கொட்டை ஒன்று ஓர் ஆள். தீப்பெட்டி என்றால் படுத்திருக்கிற ஆள். கொட்டைகளை நகர்த்தி நகர்த்தி வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்ப்பார். ரெக்சின் வாங்க வந்தவர்கள் அந்தப் பக்கம் மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போவார்கள்.

முதல் கடிதம் மீன். விடிகாலையில் பூரணாங்குப்பத்து மீன் பெங்களூருக்குப் போகிறது. மீனை இறக்கியதும் சீட் மாட்டி, பெங்களூரிலிருந்து சென்னைக்கு ஆபீசர்களை ஏற்றுகிறது. சாயங்காலம் மறுபடி சீட்டைக் கழற்றிப் பூக்கூடை. மீன் நாற்றத்தில் ஆபீசர்கள் எப்படி உட்காருவார்கள் என்று டைப் அடிக்கிறவள் என்கிற உரிமையில் கேட்டேன். தரை முழுக்க ஒரே துண்டு ரெக்சின், நடுவில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால், புளித்தண்ணீர் விட்டு ஒரு கழுவு என்று பதில் தயாராக இருந்தது. புளித்தண்ணீருக்கு இங்கிலீஷில் என்ன போடுவது என்று நான்தான் அரைமணி நேரம் முழித்தேன்.

இராணுவ உபயோகம் என்று ஒரு கடிதம் அடித்தோம். ‘முசியே’, அதாவது பிரெஞ்சில் ‘ஐயா’, என்றுதான் கடிதம் ஆரம்பிக்கவேண்டும், இங்கிலீஷ் கடிதமானாலும் சரி. அதில் அவர் பிடிவாதம். அந்தக் கடிதத்தின் முதல் வாக்கியம் இன்றும் எனக்கு மனப்பாடம். முசியே, யுத்தம் வருஷம் முழுக்க நடக்காது, லீவு வருஷம் முழுக்க நடக்கும். ஜெனரலை ஓர் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு விமானம் காலியாகத் திரும்புகிறதல்லவா, அதில் லீவில் போகிற சிப்பாய்களை ஏற்றுங்கள் என்பது விஷயம். தந்தி வந்த சிப்பாய்க்கு முதல் இடம். சீட் எல்லாம் பின்பக்கம் பார்த்திருக்கவேண்டும் என்றும் எழுதச் சொன்னார். பட்டாளத்து விமானங்களில் அப்படித்தான், அடிபட்டால் முதுகு தாங்கும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஊர வுட்டுப் போறவன் ஊரப் பாத்துகினே போலாம் பாரு” என்றும் சேர்த்துக்கொண்டார். அதையும் அடித்தேன்.

கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு வரி நன்றி வந்தது. தபால்காரர் அந்த உறையை முதலில் என்னிடம் காட்டிவிட்டு, டீக்கடையில் காட்டிவிட்டு, கடைசியில் பாயிடம் கொடுப்பார். கூலி என்று பாய் என்னிடம் பேசினதே இல்லை. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் இன்ஸ்டிட்யூட் ஸ்டூல்கள் அத்தனைக்கும் மெத்தை போட்டிருந்தார். அந்த வருஷம் என்னிடம் சேர்க்கை கூடியதற்கு என் பயிற்சி காரணமா மெத்தை காரணமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

விமானம் இறங்க இடம் வேண்டுமே. ஒரு கோடையில் ஊசுட்டேரி வற்றிக் கிடந்தது. புத்தகத்தில் போட்டிருந்த ஓடுபாதை நீளத்துக்கு நூல் கயிறு எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அளந்துவிட்டு வந்தார். போதுமாம், கொசுறுகூட இருக்கிறதாம். இந்தச் செய்தி பாகூருக்குப் போய்விட்டது. பாகூர்க்காரர் ஒருவர், பத்துக் காணி விவசாயம், டிராக்டர் சீட் தைக்க வருகிறவர், கடையில் வந்து சண்டை பிடித்தார். பாகூர் ஏரி மட்டும் என்ன மட்டம், எங்கள் ஏரியை அளக்காமல் நீர் எப்படி முடிவு செய்யலாம் என்று கேட்டார். பாய் மறுவாரமே போய் அதையும் அளந்தார். பிறகு எஞ்சின் காற்றில் நெல் தூற்ற முடியுமா என்று பாகூர்க்காரர் விசாரித்தார். முடியும் என்று யோசித்துச் சொல்லி, அது ஒரு தனிக் கடிதமாகப் போயிற்று. காலையில் வில்லியனூர், சாயங்காலம் பாகூர் என்று விமானத்தைப் பங்கு பிரித்தும் பாகூர்க்காரர் சமாதானமாகவில்லை. காலை ஏன் உங்களுக்கு என்று கேட்டுவிட்டுப் போனவர் ஆறு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. இல்லாத விமானத்துக்கு இரண்டு ஏரி அடித்துக்கொண்டதைச் சொல்லிச் சொல்லி டீக்கடையில் சிரித்தோம்.

இத்தனை யோசனையில் ஒன்றுகூட நிஜமாக நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. எங்கள் ரோட்டில் ஒருவர் வேன் வைத்திருந்தார். காலையில் மீன் ஏற்றுவார், அதற்கப்புறம் வண்டி தூங்கும். பாய் அந்த வண்டியின் தரையில் தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்புப் பட்டை அடித்து, கழற்றி மாட்டுகிற சீட் செய்து கொடுத்தார். ஒரு சீட்டுக்கு நாலு பின். இழுத்தால் கையோடு வரும். காலையில் மீன், கழுவிவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், முகூர்த்த நாளில் கல்யாணம். சீட் எல்லாம் பின்பக்கம் பார்த்துத்தான் இருக்கும். பிள்ளைகள் பின்னால் வருகிற பஸ்காரனுக்கு நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டே போவார்கள். கடைசியாக, ஒரு பலகை மாட்டுகிற அளவுக்கு இன்னும் நாலு ஓட்டை போட்டு வைத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, படுத்துகினு போறவங்களுக்கு என்றார். என் வண்டியைச் சல்லடை ஆக்கிவிட்டார் என்று வேன்காரர் ஊரெல்லாம் புலம்பினார்.

அந்த ஓட்டைகள் வந்தது ஆம்புலன்ஸ் கடிதத்திலிருந்து. காகிதத்தின் நடுவில் ஒரு தீப்பெட்டி, அதைச் சுற்றி எட்டுப் புளியங்கொட்டை. நான் அப்படியே படம் போட்டு, கணக்காக அடித்து அனுப்பினேன். நோயாளி ஒருவர், உடன் செல்வோர் எட்டுப் பேர். இந்தத் தடவை நன்றிக் கடிதம் வரவில்லை. ஒரு பக்கத்துக்கு நிஜமான கடிதம் வந்தது. அதில் கையெழுத்துப் போட்டிருந்த அதிகாரி மிகவும் மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். எட்டு நோயாளிகளுக்கு ஒரு துணை என்பது படத்தில் தவறுதலாக மாறிவிட்டதோ? மாறவில்லை என்றால், விமானம் பறக்கும்போது அந்த எட்டுப் பேருக்கும் என்ன வேலை என்று தயவுசெய்து விளக்க முடியுமா? விளக்கினால் அடுத்த விளம்பரப் புத்தகத்தில் ஆம்புலன்ஸ் படத்தைச் சேர்ப்பது பற்றிப் பரிசீலிப்போம்.

பாய் அதை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது தரம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் யோசித்த படம் அச்சில் வரப்போகிறது. அந்த எட்டுப் பேருக்கும் வேலை கண்டுபிடித்தால் போதும்.

ஒரு வாரம் தெருவே அதற்காக உழைத்தது. பூரணாங்குப்பத்திலிருந்து வேனில் கூடையோடு வருகிற மீன்கார அக்கா ஒருவர், எதையும் உடைத்துப் பேசுகிறவர், எட்டு எப்படிப் போதும் என்றுதான் ஆரம்பித்தார். அவர் வீட்டுக்காரர் கால் ஒடிந்தபோது பதினோரு பேர் போனார்களாம். ஒருத்தர் தலையை மடியில் வைத்துக்கொள்ள, ஒருத்தர் ஃபிளாஸ்க் பிடிக்க. டாக்டரிடம் பேச ஓர் ஆள், அந்த டாக்டர் சொன்னதைத் திரும்ப எல்லாருக்கும் சொல்ல இன்னோர் ஆள். ரத்தம் கொடுக்கத் தெம்பானவர் ஒருவர் வேண்டும். ஆஸ்பத்திரியில் வார்டுபாயைத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். அழுவதற்கு ஒருத்தர், அவரை அடக்குவதற்கு ஒருத்தர். எட்டு சரியாக வந்துவிட்டது. டீக்கடைக்காரர், வெறுமனே கூட வருகிறவன் என்று ஒருத்தன் எப்போதும் இருப்பானே, அவனை எங்கே உட்காரவைப்பது என்று கேட்டார். அவனுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவனைக் கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எதற்கு பாய் இந்தப் பாடு, ஒரு நாற்காலி போட்டால் ஆகாதா என்று அன்றைக்கு நான் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். பிரான்சில் அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. எட்டு நாள் படுக்கை. ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் வந்து பார்ப்பவர்களுக்கென்று ஒரு நாற்காலி. இவர் நாற்காலியில் எட்டு நாளும் யாரும் உட்காரவில்லை. “அஞ்சாம் நாளு பாத்தேன், அது ஓரம் பிரிஞ்சு கெடந்துச்சு. ஊசி கேட்டு வாங்கித் தச்சுப் போட்டேன். நர்சம்மா ஒரே சத்தம்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அன்று அந்தக் கடிதத்தை ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தேன்.

நாலு மாதம் கழித்துக் கனமான உறை வந்தது. புதிய விளம்பரப் புத்தகம், வழவழப்பான தாள். நடுப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் படம் இருந்தது. விமானத்தின் நடுவில் ஒரு படுக்கை, அதன் பக்கத்தில் ஒரே ஒரு சீட். உடன் செல்வோர்: ஒருவர். மீதி இடமெல்லாம் மருந்து அலமாரி.

பாய் படத்தை விரலால் தடவிப் பார்த்தார். தையல் நல்லா இருக்குது என்றார், அச்சடித்த படத்தில் தையல் எங்கே தெரிந்ததோ. தபால்காரர் அத்தோடு போயிருக்கலாம். அவர் கெட்டவர் இல்லை. நாக்குதான் கொஞ்சம் நீளம். வந்த வழியில் டீக்கடையில் அந்த எட்டுப் பேரை வைத்து எல்லாரும் சிரித்த சூடு ஆறாமல், “எட்டு எட்டுன்னு எழுதிகினு கீறியே பாய், ஒனக்கு ஒண்ணுன்னா எந்த எட்டுப் பேரு வருவான் சொல்லு?” என்று கேட்டுவிட்டார்.

பாய் புத்தகத்தை மூடி உறைக்குள் வைத்தார்.  தபால்காரருக்கே முகம் விழுந்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில், என்னிடம் டைப் படித்த அவர் மாமன் மகளுக்கு ஒரு மாதம் ஷிப்ட் சாவி எந்தப் பக்கம் என்றுகூட நான் சொல்லித்தரவில்லை.

மறுநாள் காகித விமானம் சுருட்டிப் பரணில் ஏறியது. புளியங்கொட்டைகளை வாசலில் கொட்டிவிட்டார். சீட் தைத்தார், தொழுகைக்குப் போனார், வந்தார். டாக்டர் வீட்டிலிருந்து ஒரு மடக்குக் கட்டில் வந்தது. அதைக் கழற்றினால் என்ன ஆகும் என்று கேட்காமலே தைத்து அனுப்பிவிட்டார். எனக்கு அது பெரிய கெட்ட சகுனமாகப் பட்டது. புதுசாக ஏதாவது லெட்டர் உண்டா பாய் என்று நானே இரண்டு தரம் ரோட்டைத் தாண்டிப் போய்க் கேட்டேன். “சொல்லவேண்டியது எல்லாம் சொல்லியாச்சு தங்கச்சி” என்றார்.

மார்கழி கடைசியில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும், பாய் கடை வாசலில் ரத்த வாந்தி எடுத்துச் சாய்ந்தார். வயிற்றில் ரொம்ப நாளாகப் புண் இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. என் வகுப்புப் பெண்கள்தான் முதலில் பார்த்துக் கத்தினார்கள். மீனை இறக்கிவிட்டு வந்த வேன் எதிரிலேயே நின்றது. வேன்காரர் ஒரு பக்கத்துச் சீட்டையெல்லாம் பின்னை இழுத்துப் பிடுங்கித் தெருவில் போட்டார். பாய் துணி வெட்டுகிற பலகையைத் தூக்கி வந்து, அந்த நாலு ஓட்டையில் வைத்துப் பூட்டினோம். அச்சாக உட்கார்ந்தது. படுத்த வாக்கில் பாய் கையைத் தூக்கி எதையோ காட்டினார். கடைசிப் பின்னைத் தலைகீழாக மாட்டியிருந்தோம், அதைக் காட்டினார்.

யார் வருகிறது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மெஷின்களை மூடாமல் நான் ஏறினேன், எனக்குப் பின்னால் என் மாணவிகள் இரண்டு பேர். மீன்கார அக்கா கூடையைத் தெருவிலேயே கவிழ்த்துவிட்டு ஏறிப் பாயின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். டீக்கடைக்காரர் ஃபிளாஸ்க்கோடு வந்தார். பக்கத்து சைக்கிள் கடைக்காரரும் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவரும் ஏறினார்கள். வண்டி கிளம்பும்போது தபால்காரர் பையோடு ஓடிவந்து தொற்றிக்கொண்டார். எல்லாருக்கும் பின்னால் பாகூர்க்காரர் ஏறினார். ஆறு மாதக் கோபம் ஆறிப்போய், அவர் சீட்டை வேறு யாரும் ஒழுங்காகத் தைக்காததால் அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்தார். மூலக்குளத்தில் மகள் வீடு, வண்டி அந்த வழியாகத்தானே போகிறது, என்னை அங்கே இறக்கிவிட்டுவிடுங்கள் என்றார்.

எல்லாரும் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். வில்லியனூர்க் கோயில் கோபுரம் சின்னதாகிக்கொண்டே போனது. பாய் கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உதடு அசைந்தது. கடைசி நேரத்துக் கலிமா சொல்கிறார் என்று நினைத்தேன். பாங்கு சொல்கிறவர் காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். “எண்ணிகினு கீறாரு” என்றார்.

மூலக்குளம் வந்தது. வேன்காரர் வண்டியை ஓரமாக மெதுவாக்கினார். பாகூர்க்காரர் எழுந்திருக்கவில்லை. பாயின் கால் பலகையிலிருந்து வழுக்காமல் அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார். “போ போ, நிக்காத. பொண்ணு வூடு எங்க ஓடிப் போவுது” என்றார்.

புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துப் போனார்கள். ரத்தம் வேண்டும் என்று ஒன்பது பேர் விரலிலும் குத்திப் பார்த்தார்கள். சேர்ந்தது இரண்டு பேருக்கு. ஒருத்தி என் மாணவி; எடையே இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொருவர் பாகூர்க்காரர். அவர் கொடுத்தார். கொடுத்துவிட்டு வந்து, இனி காலையில் பாகூர், சாயங்காலம்தான் வில்லியனூர் என்று என்னிடம் சொல்லிவிட்டு டீக்கடைக்காரரின் ஃபிளாஸ்க்கைக் காலி செய்தார். தபால்காரர்தான் அழுதவர். அவரை அடக்க யாரும் முன்வரவில்லை, நானும் உள்பட. கொஞ்ச நேரம் அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் நான் போனபோது கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் மீன்கார அக்கா இருந்தார். நாற்காலி ஒன்று, ஆட்கள் நாலு. பாங்கு சொல்கிறவர் கட்டில் விளிம்பிலும், சைக்கிள் கடைக்காரரும் தபால்காரரும் தரையிலும். நர்ஸ் வந்து வந்து துரத்திக்கொண்டிருந்தார். பாய் முகத்தில் களை திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார். என் கைப்பையில் எப்போதும் இருக்கும்.

“முசியே, போன லெட்டர்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. எட்டுன்னு எழுதிட்டோம். ஒம்போதுன்னு திருத்திக்கவும்.”

எழுதினேன். கம்பெனியின் குணம் இப்போது எனக்கும் தெரியும். ஒன்பது என்றால் ஒன்பதாவது ஆளுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள், அதையும் இப்போதே சொல்லிவிட்டால் நல்லது என்றேன்.

பாய் ஜன்னல் பக்கம் பார்த்து யோசித்தார். அவசரப்படவில்லை. புளியங்கொட்டையை எங்கே வைப்பது என்று யோசிக்கிற அதே முகம்.

“மூலக்குளத்துல எறங்கறதுன்னு போடு” என்றார்.

அப்படியே அடித்து அனுப்பினேன்.